ஒரே லேப்டாப்பில் விண்டோஸும் லினக்ஸும்: இரண்டையும் முழுமையாக என்கிரிப்ட் செய்வது

குன்னூரிலோ கோத்தகிரியிலோ ஒரு லேப்டாப்பின் மதர்போர்டு போனால், பெரும்பாலும் அது மலையிறங்கிக் கோயம்புத்தூர் போய்த்தான் சரியாகும். உள்ளே பசுந்தேயிலைக் கணக்கு, இலை போடும் விவசாயிகளின் ஆதார் நகல், வங்கிக் கணக்கு எண்கள், ஹோம்ஸ்டேயில் தங்கியவர்களின் அடையாள அட்டை எல்லாம் இருக்கும். விண்டோஸ் லாகின் பாஸ்வேர்டு இவற்றைக் காக்காது. எஸ்எஸ்டியைக் கழற்றி வேறொரு கணினியில் மாட்டினால் அத்தனையும் திறந்து கிடக்கும். டிஸ்க்கையே என்கிரிப்ட் செய்தால்தான் (சாவி இல்லாமல் யாரும் படிக்க முடியாதபடி பூட்டினால்தான்) திருட்டுப் போனாலும், ரிப்பேருக்குப் போனாலும் உள்ளே இருப்பது பத்திரம்.

விண்டோஸ் மட்டும் இருந்தால் இது இரண்டு கிளிக் வேலை. பக்கத்தில் லினக்ஸும் இருந்தால் ஒழுங்கு முறை தெரிந்து செய்ய வேண்டும். நம் ஊரில் இரண்டும் சேர்ந்திருக்கும் லேப்டாப் புதிதல்ல. தமிழக அரசு மாணவர்களுக்குத் தந்த லேப்டாப்களில் விண்டோஸோடு பாஸ் என்ற இந்திய லினக்ஸும் சேர்ந்தே வந்திருக்கிறது. அவற்றில் மிகப் பழையவற்றை வைத்திருப்பவர்கள் இந்த வழியில் போக வேண்டாம். அதன் விண்டோஸ் 7-க்குப் பாதுகாப்பு அப்டேட் 2020 ஜனவரியிலேயே நின்றுவிட்டது. அதை எடுத்துவிட்டு, முழு டிஸ்க்கிலும் என்கிரிப்ட் செய்த லினக்ஸ் ஒன்றை மட்டும் போடுவதே சரி. கீழே உள்ளது யுஇஎஃப்ஐ (கணினியை எழுப்பும் புதுவகை அடிப்படை நிரல்), டிபிஎம் 2.0 (பூட்டின் சாவியைக் காக்கும் சிப்) இரண்டும் உள்ள, விண்டோஸ் 11 ஓடும் கணினிக்கு.

அடிப்படை ஒன்றுதான். விண்டோஸ் பகுதியை விண்டோஸே தன் சொந்தப் பூட்டான பிட்லாக்கரால் பூட்டட்டும், லினக்ஸ் பகுதியை லினக்ஸே தன் பூட்டான லக்ஸால் பூட்டட்டும். இரண்டுக்கும் சேர்த்து ஒரே பூட்டுப் போடும் மென்பொருளைத் தேடி அலைய வேண்டாம். வெராகிரிப்ட் என்ற பூட்டு மென்பொருளின் சிஸ்டம் என்கிரிப்ஷன்கூட விண்டோஸுக்கு மட்டும்தான். லினக்ஸ் இயங்குதளம் இருக்கும் ரூட் பகுதியை அது பூட்டாது. ஒரு வரப்புக்கு இந்தப் பக்கம் ஒருவர், அந்தப் பக்கம் ஒருவர் என்று இருந்தால் பிரச்சினை வருவதில்லை. ஒன்று மற்றொன்றின் பார்ட்டிஷனை (டிஸ்க்கில் அதற்கெனப் பிரித்த பகுதியை) தொடும்போதுதான் எல்லாம் கெடுகிறது.

முதலில் 48 இலக்க எண்

எதையும் தொடுவதற்கு முன்னால், விண்டோஸ் ஏற்கெனவே பூட்டப்பட்டிருக்கிறதா என்று பாருங்கள். விண்டோஸ் 11-ன் 24எச்2 பதிப்பிலிருந்து, புதிதாக நிறுவி மைக்ரோசாஃப்ட் கணக்கில் நுழைந்தாலே ஹோம் எடிஷனிலும் 'டிவைஸ் என்கிரிப்ஷன்' தானாக ஓடத் தொடங்கிவிடுகிறது. தன் டிஸ்க் பூட்டப்பட்டிருப்பதே தெரியாமல் பயாஸில் (யுஇஎஃப்ஐயின் செட்டிங்ஸ் திரையில்) கை வைப்பவர்கள்தான் முதலில் மாட்டிக்கொள்கிறார்கள். செட்டிங்ஸில் பிரைவசி அண்டு செக்யூரிட்டி பகுதியில் டிவைஸ் என்கிரிப்ஷனைத் திறந்தால் நிலை தெரியும். புரோ எடிஷனில் கன்ட்ரோல் பேனலில் பிட்லாக்கர் பக்கம்.

பூட்டப்பட்டிருந்தால் ரெகவரி கீ ஒன்று இருக்கும். ஆறு ஆறு இலக்கமாக எட்டுத் தொகுதி, மொத்தம் 48 இலக்கம். மைக்ரோசாஃப்ட் கணக்கில் அது சேமிக்கப்பட்டிருக்கும், ஆனால் அதை மட்டும் நம்பக் கூடாது. கணினி நீலத் திரையில் அந்த எண்ணைக் கேட்டு நிற்கும்போது போனில் சிக்னல் இருக்க வேண்டும், கணக்கின் பாஸ்வேர்டு நினைவிருக்க வேண்டும். கூடலூர்ப் பக்கத்து எஸ்டேட்டில், மரம் விழுந்து இரண்டு நாளாகக் கரண்டும் டவரும் இல்லாதபோது இரண்டுமே நடக்காது. எண்ணைத் தாளில் எழுதுங்கள். அதோடு கீயின் அடையாளக் குறியில் முதல் எட்டு எழுத்துகளையும் எழுதுங்கள். ஒன்றுக்கு மேற்பட்ட டிரைவ் இருந்தால் எந்த எண் எதற்கு என்று நீலத் திரை காட்டும் குறியோடு ஒப்பிட அதுதான் உதவும்.

எழுதியது சரியா என்று பார்க்க எளிய வழி உண்டு. ஒவ்வொரு ஆறு இலக்கத் தொகுதியும் 11-ஆல் மீதியின்றி வகுபடும். 135795 என்று எழுதியிருந்தால், 11-ஆல் வகுத்தால் 12345, சரி. 135796 என்றால் எங்கோ ஓர் இலக்கம் தவறு. போன் கால்குலேட்டரில் எட்டு வகுத்தல், இரண்டு நிமிடம். இதைச் செய்யாமல் விடாதீர்கள்.

ஜெல் பேனா வேண்டாம். ஜூனிலிருந்து டிசம்பர் வரை நீலகிரியில் தாள் ஈரம் இழுத்துக்கொண்டே இருக்கும், ஜெல் மை பரவி 3-க்கும் 8-க்கும் வித்தியாசம் தெரியாமல் போகும். பால்பாயின்ட் பேனா அல்லது பென்சில். தாளை ஜிப் கவரில், சிலிக்கா ஜெல் பொட்டலம் ஒன்றோடு வைத்து மூடுங்கள். இரண்டாவது நகல் வேறு ஊரில், மேட்டுப்பாளையத்திலோ கோவையிலோ நம்பிக்கையான உறவினர் வீட்டில் இருக்கட்டும். 2009 நவம்பர் மழையில் வீடுகளே சரிந்த மாவட்டம் இது. எண்ணை லேப்டாப் பையிலேயே வைப்பது வீட்டைப் பூட்டிச் சாவியைப் பூட்டிலேயே விடுவது.

விண்டோஸ் பக்கத்தைத் தயார் செய்தல்

முக்கியமான கோப்புகளை வெளி டிஸ்க்குக்கு நகல் எடுங்கள். பார்ட்டிஷன் சுருக்கும்போது கரண்ட் போனால் என்ன ஆகும் என்பது அதிர்ஷ்டத்தைப் பொறுத்தது. லேப்டாப் என்றால் பேட்டரி முழுசாக ஏறியிருக்கட்டும். பேட்டரி செத்த லேப்டாப்பும் டெஸ்க்டாப்பும் யுபிஎஸ் இல்லாமல் தொடவே வேண்டாம்.

அடுத்து பூட்டைத் தற்காலிகமாக நிறுத்த வேண்டும். புரோ எடிஷனில் அட்மின் உரிமையோடு கமாண்ட் பிராம்ப்ட் திறந்து, மேனேஜ்-பிடிஈ கட்டளையால் சி டிரைவின் புரொடெக்டர்களை (பூட்டின் சாவியைக் காப்பவற்றை) 'டிசேபிள்' செய்யுங்கள்; ரீபூட் கவுன்ட் 0 என்று கொடுங்கள். 0 என்றால் நீங்களே திரும்ப இயக்கும்வரை நிறுத்தம் நீடிக்கும். கன்ட்ரோல் பேனலில் 'சஸ்பெண்ட்' கொடுத்தால் ஒரு ரீஸ்டார்ட்டிலேயே பூட்டு திரும்ப வந்துவிடும், லினக்ஸ் நிறுவும்போது அது போதாது. ஹோம் எடிஷனில் டிவைஸ் என்கிரிப்ஷனை முழுசாக அணைத்து, டிகிரிப்ட் முடியும்வரை காத்திருப்பது குழப்பமில்லாத வழி.

பிறகு பவர் ஆப்ஷன்ஸில் 'ஃபாஸ்ட் ஸ்டார்ட்அப்' என்பதை அணையுங்கள். அது இயங்கினால் ஷட்டவுன் கொடுத்தாலும் விண்டோஸ் பாதித் தூக்கத்தில்தான் இருக்கும். அந்த நிலையில் லினக்ஸ் அதன் டிரைவில் எழுதினால் கோப்புகள் கெடும்.

இடத்தைச் சுருக்குவதை விண்டோஸின் டிஸ்க் மேனேஜ்மென்ட்டிலேயே செய்யுங்கள். பிட்லாக்கர் பூட்டிய பார்ட்டிஷனை லினக்ஸ் நிறுவிகளால் சுருக்க முடியாது, முயலவும் கூடாது. சி டிரைவை ரைட் கிளிக் செய்து 'ஷ்ரிங்க் வால்யூம்'. லினக்ஸுக்கு 60 ஜிபிக்குக் குறையாமல் விடுங்கள். 512 ஜிபி எஸ்எஸ்டி என்றால் 150 ஜிபி தாராளம். காலி இடம் 200 ஜிபி இருந்தும் 10 ஜிபிதான் சுருங்கும் என்று காட்டினால், நடுவில் நகராத கோப்புகள் உட்கார்ந்திருக்கின்றன: பேஜ்ஃபைல், ஹைபர்னேஷன் கோப்பு, சிஸ்டம் ரெஸ்டோர். மூன்றையும் அணைத்து ரீஸ்டார்ட் செய்து மறுபடி முயன்றால் பெரும்பாலும் இறங்கிவிடும். சுருக்கியபின் பேஜ்ஃபைலையும் ரெஸ்டோரையும் திரும்ப இயக்குங்கள்; ஹைபர்னேஷன் அணைந்தபடியே இருக்கட்டும். வந்த காலி இடத்தில் எதையும் உருவாக்காமல் அப்படியே விடுங்கள்.

இன்டெல் கணினி சிலவற்றில் ஸ்டோரேஜ் ரெய்டு முறையில் இருக்கும், லினக்ஸ் நிறுவிக்கு டிஸ்க்கே தெரியாது. பயாஸில் நேராக ஏஎச்சிஐ என்று மாற்றினால் விண்டோஸ் எழாது. முதலில் விண்டோஸின் எம்எஸ்கான்ஃபிக் கருவியில் 'சேஃப் பூட்' டிக் செய்து, ரீஸ்டார்ட்டில் பயாஸுக்குள் போய் ஏஎச்சிஐ ஆக்கி, சேஃப் மோடில் ஒருமுறை எழுந்தபின் டிக்கை எடுங்கள். சேஃப் மோடில் பின் எண் வேலை செய்யாமல் போகலாம், கணக்கின் உண்மையான பாஸ்வேர்டு கையில் இருக்கட்டும்.

லினக்ஸை லக்ஸோடு நிறுவுதல்

லினக்ஸ் வகைகளில் ஒன்றான டெபியன் 13-ஐ வைத்துச் சொல்கிறோம். காரணம், அதன் நிறுவியின் மேனுவல் பார்ட்டிஷனிங் என்கிரிப்ஷனை முழுசாக நம் கையில் தருகிறது. பல நிறுவிகளில் 'டிஸ்க் முழுவதையும் அழித்து என்கிரிப்ட் செய்' என்ற வழி மட்டும் எளிதாக இருக்கும். அவசரத்தில் அதை அழுத்தினால் விண்டோஸ் போயிற்று. டெபியனிலும் 'கைடட்' வகையில் என்கிரிப்ஷன் முழு டிஸ்க்குக்குத்தான். அதைத் தொடாதீர்கள், 'மேனுவல்' மட்டும். ஃபெடோரா பிடிக்கும் என்றால், அது காலி இடத்திலேயே என்கிரிப்ட் செய்துகொள்ளும், வேலை குறைவு.

நெட் மெதுவாக இருக்கும் ஊரில் நெட்இன்ஸ்ட் படம் (நிறுவும் கோப்பு) வேண்டாம். சிறியதுதான், ஆனால் மீதியை நிறுவும்போது இறக்கும், பாதியில் நின்றுவிடும். முழு டிவிடி படத்தை ஊட்டிக்கோ கோவைக்கோ போகும்போது இறக்கி, 8 ஜிபி பென் டிரைவில் எழுதி வைத்துக்கொள்ளுங்கள்.

நிறுவியைத் தமிழிலேயே ஓட்டலாம். ஆனால் கீபோர்டு கேட்கும்போது அமெரிக்கன் இங்கிலீஷ் தேர்ந்தெடுங்கள். டிஸ்க் பாஸ்வேர்டைக் கேட்கும் திரை இயங்குதளம் எழுவதற்கு முன்னாலேயே வருகிறது. அங்கே தமிழ்99 மாற்றும் பொத்தான் எதுவும் கிடையாது. தமிழ் எழுத்தில் பாஸ்வேர்டு வைத்தால் நீங்களே வெளியில் நிற்க நேரும். ஒன்றுக்கொன்று தொடர்பில்லாத ஐந்தாறு தமிழ்ச் சொற்களை ஆங்கில எழுத்தில், சிறிய எழுத்தாக, இடையில் கோடு போட்டு எழுதுங்கள். எண் வேண்டுமென்றால் மேல் வரிசையில் உள்ள எண்களைப் பயன்படுத்துங்கள். வலப்பக்க எண் பலகையில் நம்லாக் எந்த நிலையில் எழும் என்று சொல்ல முடியாது.

மேனுவல் திரையில் விண்டோஸின் பார்ட்டிஷன்கள் தெரியும். ஃபேட்32-இல் 100 எம்பி அளவில் ஒன்று இருக்கும். அதுதான் ஈஎஃப்ஐ பார்ட்டிஷன். லினக்ஸும் அதையே பயன்படுத்திக்கொள்ளும், இடம் போதும். அதற்கு எதிரே ஃபார்மட் என்று விழாமல் பார்த்துக்கொள்ளுங்கள். ஃபார்மட் ஆனால் விண்டோஸ் எழும் கோப்புகள் போய்விடும். அதையடுத்து 16 எம்பி ஒன்று, கடைசியில் ரெகவரி ஒன்று. இரண்டையும் தொட வேண்டாம்.

காலி இடத்தில் முதலில் 1 ஜிபிக்கு ஒரு பார்ட்டிஷன்: வடிவம் எக்ஸ்ட்4, மவுன்ட் செய்யும் (இணைக்கும்) இடம் பூட் ஃபோல்டர். இது பூட்டப்படாமல்தான் இருக்கும். கர்னலை (லினக்ஸின் மைய நிரலை) எடுத்து ஓடவிடும் கிரப், இன்றைய லக்ஸ்2 பாஸ்வேர்டைச் சாவியாக்க இயல்பாகப் பயன்படுத்தும் ஆர்கான்2 முறையைத் திறக்கத் தடுமாறும் என்பதால்தான் இந்தத் தனி இடம். 1 ஜிபிக்குக் குறைத்தால், இரண்டு மூன்று கர்னல் சேர்ந்ததும் நிரம்பி, அப்டேட் பாதியில் நின்று அடுத்த முறை எழாமல் போகும்.

மீதி இடம் முழுவதையும் (விண்டோஸும் லினக்ஸும் பகிரும் பொது இடம் வேண்டுமென்றால் அதற்கு மட்டும் விட்டுவிட்டு) ஒரே பார்ட்டிஷனாக்கி, பயன்பாடு 'ஃபிசிக்கல் வால்யூம் ஃபார் என்கிரிப்ஷன்' என்று கொடுங்கள். ஏஇஎஸ், 256, எக்ஸ்டிஎஸ் என்ற இயல்பான தேர்வுகள் போதும். 'இரேஸ் டேட்டா' என்று ஒன்று இருக்கும். அந்த இடத்தில் முன்பு பூட்டாத விண்டோஸ் கோப்புகள் இருந்து, அது சுழலும் ஹார்டு டிஸ்க் என்றால் 'யெஸ்' என்றே விடுங்கள். விநாடிக்கு 100 எம்பி வேகத்தில் 200 ஜிபிக்கு 35 நிமிடம் ஆகும். புது எஸ்எஸ்டி என்றால் 'நோ' போதும்.

பிறகு 'கான்ஃபிகர் என்கிரிப்டட் வால்யூம்ஸ்' திறந்து அந்தப் பார்ட்டிஷனை டிக் செய்து முடித்தால் பாஸ்வேர்டு கேட்கும். முடிந்ததும் பட்டியலின் மேலே கிரிப்ட் என்று முடியும் பெயரில் புது டிஸ்க் ஒன்று தெரியும். அதை எக்ஸ்ட்4 ஆக்கி ரூட்டாக மவுன்ட் செய்யுங்கள். பல வழிகாட்டிகள் இங்கே எல்விஎம் என்ற அடுக்கைச் சேர்க்கச் சொல்லும். ஒருவர் பயன்படுத்தும் லேப்டாப்புக்கு அது தேவையில்லாத சுமை. ஏதாவது கெட்டால் மீட்பதும் ஒரு படி கூடுகிறது. ஸ்வாப் (ரேம் போதாதபோது டிஸ்க்கில் பயன்படும் இடம்) இல்லை என்று நிறுவி எச்சரிக்கும், பரவாயில்லை என்று தாண்டுங்கள். பின்னால் ரூட்டுக்குள்ளேயே 4 ஜிபி ஸ்வாப் கோப்பு வைத்தால் அதுவும் பூட்டுக்குள் வந்துவிடும். தனியாகப் பூட்டாத ஸ்வாப் பார்ட்டிஷன் மட்டும் வேண்டவே வேண்டாம். நினைவகத்தில் இருந்த பாஸ்வேர்டுகள் அதில் எழுத்தாகவே கிடக்கும். செக்யூர் பூட் (நம்பகமான கையெழுத்துள்ள நிரல்களை மட்டும் எழவிடும் யுஇஎஃப்ஐ பாதுகாப்பு) இயங்கும்போது டெபியன் கர்னல் ஹைபர்னேட் செய்ய விடாது, ஆகவே ரேம் அளவுக்குப் பெரிய ஸ்வாப் வைத்தும் பயனில்லை.

எந்த வாசலில் நுழைவது

அதிகம் பேர் தடுக்கி விழுவது இந்த இடத்தில். லினக்ஸ் நிறுவியபின், கிரப் மெனுவிலேயே விண்டோஸையும் சேர்த்து அங்கிருந்து தேர்ந்தெடுப்பது வழக்கம். பிட்லாக்கர் இருக்கும்போது அப்படிச் செய்தால் நீலத் திரை வந்து 48 இலக்கத்தைக் கேட்கும். காரணம் இது: கணினி எழும்போது எந்தெந்தக் கையெழுத்துள்ள நிரல்கள் ஓடின என்பதை டிபிஎம் சிப் பதிவேடு 7-இல் அளந்து வைக்கிறது. விண்டோஸ் நேராக எழுந்தால் ஓர் அளவு. லினக்ஸின் ஷிம் (செக்யூர் பூட் ஏற்கும் அதன் முதல் நிரல்), கிரப் வழியாக எழுந்தால் வேறு அளவு. அளவு மாறினால் சாவியை சிப் தராது. சிப் தன் வேலையைச் சரியாகத்தான் செய்கிறது, நாம்தான் வேறு வாசலில் வருகிறோம்.

ஆகவே கிரப்பை விண்டோஸுக்குப் பயன்படுத்தாதீர்கள். கணினியை ஆன் செய்ததும் அதன் சொந்த பூட் மெனுவை அழைத்து அங்கே தேர்ந்தெடுங்கள். டெல், லெனோவோ, ஏசரில் பெரும்பாலும் எஃப்12, எச்பியில் எஃப்9, ஆசஸில் எஸ்கேப். ஏசர் சிலவற்றில் எஃப்12 மெனுவை பயாஸில் முதலில் இயக்க வேண்டியிருக்கும். அதிகம் பயன்படுத்தும் இயங்குதளத்தைப் பட்டியலில் முதலில் வைத்தால், மற்றதற்கு மட்டும் பொத்தானை அழுத்தினால் போதும்.

இந்த முறையில் விண்டோஸை நேராக எழுப்பியபின்தான் பிட்லாக்கரைத் திரும்ப இயக்க வேண்டும். கிரப் வழியாக எழுந்து இயக்கினால் தவறான அளவோடு முடிச்சுப் போட்டுக்கொள்ளும். இதுவரை பூட்டியே இராத விண்டோஸ் என்றால், இப்போது முதன்முறையாகப் பூட்டும்போது 'பயன்படுத்திய இடம் மட்டும்' என்பதை விட்டு 'முழு டிரைவ்' என்று கொடுங்கள்; அழித்த கோப்புகளின் மிச்சமும் அப்போதுதான் மறையும். நடுவில் கரண்ட் போனாலும் பிட்லாக்கர் விட்ட இடத்திலிருந்து தொடரும்.

புரோ எடிஷனில் இன்னொரு படி போகலாம். வெறும் டிபிஎம் மட்டும் என்றால் திருடியவன் ஆன் செய்தாலும் லாகின் திரை வரை விண்டோஸ் எழும். குரூப் பாலிசியில் பிட்லாக்கரின் ஆபரேட்டிங் சிஸ்டம் டிரைவ்ஸ் பகுதிக்குப் போய், ஸ்டார்ட்அப்பில் கூடுதல் சரிபார்ப்பைக் கட்டாயமாக்கும் விதியை இயக்கி, பின் எண் சேருங்கள். குறைந்தது ஆறு இலக்கம்.

லக்ஸின் தலைப்பகுதி

லக்ஸ்2 பார்ட்டிஷனின் முதல் 16 எம்பிதான் அதன் உயிர். டிஸ்க்கின் உண்மையான சாவி, உங்கள் பாஸ்வேர்டால் சுற்றப்பட்டு, அங்கேதான் இருக்கிறது. அது கெட்டால் பாஸ்வேர்டு சரியாகத் தெரிந்தாலும் ஒரு கோப்பும் வராது. நிறுவி முடித்த அன்றே லக்ஸைக் கையாளும் கருவியான கிரிப்ட்செட்டப்பின் லக்ஸ் ஹெடர் (தலைப்பகுதி) பேக்கப் கட்டளையால் அதை ஒரு கோப்பாக எடுத்து, வேறு பென் டிரைவில் வையுங்கள். ஈரத்தில் யுஎஸ்பி முனை கறுத்துப் போகும் ஊர், ஆகவே இரண்டு பென் டிரைவ். ஒன்றை மறக்காதீர்கள்: பின்னால் பாஸ்வேர்டை மாற்றினாலும், பழைய ஹெடர் நகல் பழைய பாஸ்வேர்டுக்குத் திறக்கும். மாற்றிய அன்று பழைய நகலை அழித்துப் புதியது எடுக்க வேண்டும்.

லக்ஸ்2-இல் 32 சாவி இடங்கள் வரை உண்டு. இரண்டாவதாக ஒரு நீண்ட பாஸ்வேர்டைச் சேர்த்து, 48 இலக்கத் தாளோடு எழுதி வைத்தால், முதலாவது மறந்தாலும் வழி இருக்கும். இங்கே மைக்ரோசாஃப்ட் கணக்கு மாதிரி யாரும் நகல் வைத்திருக்க மாட்டார்கள்.

விண்டோஸுக்கு லக்ஸ் என்றால் என்னவென்று தெரியாது. உள் டிஸ்க்கில் பார்ட்டிஷன் வகை லினக்ஸ் என்று இருந்தால் பேசாமல் விட்டுவிடும். ஆனால் லக்ஸ் போட்ட வெளி டிஸ்க்கைச் செருகினால் 'ஃபார்மட் செய்யட்டுமா' என்றும், பார்ட்டிஷன் டேபிளே இல்லாமல் முழு டிஸ்க்கிலும் லக்ஸ் போட்டிருந்தால் 'இனிஷியலைஸ் செய்யட்டுமா' என்றும் கேட்கும். சரி என்று அழுத்தினால் அந்த 16 எம்பியின் மேல்தான் எழுதும். வெளி டிஸ்க் என்றாலும் பார்ட்டிஷன் டேபிள் போட்டு, அதற்குள் லக்ஸ் வையுங்கள்.

இரண்டுக்கும் பொதுவான கோப்புகள்

கணக்கு விண்டோஸில், மற்ற வேலை லினக்ஸில் என்று இருந்தால் பொது இடம் ஒன்று தேவைப்படும். கிரிப்ட்செட்டப் 2.3 முதல் பிட்லாக்கர் பார்ட்டிஷனைத் திறக்கத் தெரியும்; 48 இலக்கத்தைக் கொடுத்தால் லினக்ஸிலிருந்தே சி டிரைவைப் படிக்கலாம். அவசரத்துக்கு அது நல்ல வழி, அன்றாட வேலைக்கு அல்ல. அன்றாடத்துக்கு வெராகிரிப்ட் கன்டெய்னர் கோப்பு (பூட்டிய பெட்டி போன்ற கோப்பு) ஒன்று, 40 ஜிபி போல, பூட்டாத சிறு என்டிஎஃப்எஸ் பார்ட்டிஷனில் வையுங்கள். கன்டெய்னருக்கு உள்ளேயும் என்டிஎஃப்எஸ். எக்ஸ்ஃபேட் இலகுதான், ஆனால் அதற்கு ஜர்னல் (எழுதப் போவதை முன்கூட்டிக் குறித்துவைக்கும் பதிவு) கிடையாது. எழுதிக்கொண்டிருக்கும்போது கரண்ட் போனால் எழுந்திருப்பது கஷ்டம்.

பின்னால் வரும் தொல்லைகள்

பயாஸ் அப்டேட், செக்யூர் பூட் பட்டியல் மாற்றம் எது வந்தாலும் பதிவேடு 7 மாறி, விண்டோஸ் எண்ணைக் கேட்கலாம். அப்டேட்டுக்கு முன் பிட்லாக்கரைச் சஸ்பெண்ட் செய்வது பழக்கமாகட்டும். 2024 ஆகஸ்ட் விண்டோஸ் அப்டேட் ஒன்று பழைய ஷிம்களைத் தடை செய்ததில், பல கணினிகளில் லினக்ஸ் எழாமல் 'செக்யூரிட்டி பாலிசி வயலேஷன்' என்று நின்றது. அப்படி வந்தால் பயப்பட வேண்டாம், லக்ஸுக்குள் எதுவும் கெடவில்லை. செக்யூர் பூட்டைத் தற்காலிகமாக அணைத்து லினக்ஸுக்குள் போய் அப்டேட் செய்து, திரும்ப இயக்குங்கள். அது அணைந்திருக்கும் நேரத்தில் விண்டோஸை எழுப்பாதீர்கள்.

லினக்ஸ் எழும்போது 'என்கிரிப்டட் சோர்ஸ் டிவைஸுக்குக் காத்திருக்கிறது' என்று நின்றால், பூட்டிய பார்ட்டிஷன்களின் பட்டியலான கிரிப்ட்டேப் கோப்பில் உள்ள அடையாள எண்ணும் பார்ட்டிஷனின் எண்ணும் பொருந்தவில்லை. லைவ் பென் டிரைவில் (நிறுவாமலே லினக்ஸை ஓட்டும் பென் டிரைவில்) எழுந்து, லக்ஸைத் திறந்து, கோப்பைத் திருத்தி, லினக்ஸ் எழும்போது முதலில் ஏறும் இனிட்ராம்எஃப்எஸ்ஸைப் புதுப்பிக்க வேண்டும்.

மூடியை மூடி 'ஸ்லீப்'பில் விட்டால் சாவி ரேமிலேயே இருக்கும். பஸ்ஸில் எடுத்துப் போகும்போது ஷட்டவுன் செய்துதான் பையில் வைக்க வேண்டும்.

மலையிறங்கி ரிப்பேருக்குப் போகும் லேப்டாப்பில் எஸ்எஸ்டியைக் கழற்ற முடிந்தால் கழற்றி வைத்துக்கொள்ளுங்கள். முடியாதென்றால் பாஸ்வேர்டைக் கொடுக்காதீர்கள். கணினி ஓடுகிறதா என்று பார்க்க அவர்களுக்கு ஒரு லைவ் பென் டிரைவ் போதும். மதர்போர்டு மாறினால் டிபிஎம்மும் மாறும், விண்டோஸ் 48 இலக்கத்தைக் கேட்கும். லக்ஸ் வழக்கமான பாஸ்வேர்டுக்கே திறக்கும். லேப்டாப்பை விற்கும்போது கிரிப்ட்செட்டப்பின் இரேஸ் கட்டளை எல்லாச் சாவி இடங்களையும் ஒரே விநாடியில் அழித்துவிடும். அதோடு பென் டிரைவ்களில் உள்ள ஹெடர் நகல்களையும் அழியுங்கள்.